தஞ்சாவூர் மெக்கானிக்

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிவெடுத்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரு பொருளையாவது என் கையால் ரிப்பேர் செய்ய வேண்டும். செய்த பிறகும் அது ஓட வேண்டும். இதில் இரண்டாவது பகுதிதான் எனக்கு இதுவரை அமைந்ததில்லை.

என் பெயர் தியாகேசன். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வழியனுப்பு விழாவில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரி செய்தேன். இப்போது சால்வை மட்டும் இருக்கிறது.

என் மனைவி குந்தவை இன்னும் வேலையில் இருக்கிறாள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஒரே வாசகம்தான் சொல்வாள். "கேஸை மூடுங்க, மோட்டாரை நிறுத்துங்க, எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க."

எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஜெய்னுலாபுதீன் பாயின் வயல். பாய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு, இனி மண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவி தஹ்மீனாவிடம் வந்து சேர்ந்தவர். குறுவை நன்றாக விளைந்து தலை சாய்ந்து நின்றது. அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த வயலின் வடக்கு மூலையில், கோரை மண்டிய இடத்தில், ஒரு பறவை கூடு கட்டியிருப்பதைக் குந்தவை கண்டுபிடித்தாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. விடிந்ததும் வரப்பில் போய் உட்காருவாள். அசையமாட்டாள். கொக்குகள் அவளை ஒரு கம்பம் என்று நினைத்து பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு அங்கே உட்கார்ந்தால் முதலில் முதுகு அரிக்கும், அப்புறம் தும்மல் வரும்.

"அதோ பாருங்க," என்றாள் ஒருநாள்.

"எது?"

"வைக்கோல் மாதிரி தெரியுதே, அது."

"அது வைக்கோல்தானே?"

"வைக்கோல் கண் சிமிட்டாது."

உற்றுப் பார்த்தேன். வைக்கோல் கண் சிமிட்டியது. முதுகில் காய்ந்த புல் நிறத்தில் கோடுகள். கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்ட மாதிரி. மயில் உள்ளான் என்று பெயர் சொன்னாள்.

"அம்மா பறவை பாவம், வெயில்ல உட்கார்ந்திருக்கு," என்றேன்.

"அது அப்பா. முட்டை போட்டதோட அம்மா கிளம்பிடும். அடைகாக்கிறது, குஞ்சைக் கூட்டிட்டுத் திரியறது எல்லாம் இவர்தான்."

அந்தப் பறவையின் மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்தது.

சிக்கல் என்னவென்றால் மெஷின். மெஷின் வந்தால் கோரை, கூடு, முட்டை, அப்பா எல்லாம் சேர்ந்து போகும். குந்தவை பாயிடம் பேசினாள். பாய் நல்லவர். இரண்டு முறை வந்து வரப்பில் நின்று பார்த்தார். கிட்டே போனால் பறவை கூட்டை விட்டுவிடும் என்று இவள் தடுத்துவிட்டாள். தூரத்தில் நின்றால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சரம்மா, எனக்கு அங்க வைக்கோலுக்கு மேல வைக்கோல்தான் தெரியுது," என்றார் பாய். "மழைக்கு முன்னாடி அறுக்கணும். மெஷின்காரன் ஒரு சுத்து ஓட்டுறதுக்கே அலுத்துக்குவான். அந்த மூலையை விட்டுட்டுப் போன்னா, ஏன்னு கேப்பான். ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. கண்ணால பார்த்துட்டா நான் அவன்கிட்ட தைரியமா சொல்லுவேன்."

போனில் எடுத்துப் பார்த்தாள். படத்திலும் வைக்கோல். அதனால் கேமராவை எடுத்தாள். சட்டைப் பையில் போடுகிற அளவுக்குச் சின்ன டிஜிட்டல் கேமரா. பாய்தான் சவூதியிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. பார்க்கத்தான் சின்னது. பட்டனை அழுத்தினால் லென்ஸ் மூன்று அடுக்காக நீண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நண்டின் மீசையைக் கிட்டே கொண்டு வரும்.

அன்று நீளவில்லை. பாதி வந்தது. 'கர்ர்' என்றது. நின்றுவிட்டது. திரையில் 'லென்ஸ் எரர்' என்று எழுத்து வந்து, கேமரா தானாக அணைந்தது. லென்ஸ் மட்டும் பாதியில் துருத்திக்கொண்டு, நாக்கை நீட்டிய குழந்தை மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் குந்தவை அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஸ்க்ரூடிரைவர் பெட்டியோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"கழட்டிடலாமா?"

"முதல்ல என்ன நோய்னு தெரியட்டும்."

"வயித்தத் திறந்தாதானே நோய் தெரியும்?"

"உங்களுக்குத் தலைவலின்னா நான் அப்படியா செய்யறேன்?"

பெட்டியை மூடினேன்.

அவள் வேலை செய்த அழகை நான் சொல்லியாக வேண்டும். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து போட்டுப் பார்த்தாள். அதே 'கர்ர்'. கார்டை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அதே 'கர்ர்'. பேட்டரி உட்காரும் இடத்தில் உள்ள பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்தாள். பிறகு லென்ஸைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் குமிழால் அதைச் சுற்றிலும் காற்று அடித்தாள். கொஞ்சம் மண் உதிர்ந்தது. மறுபடி பட்டனை அழுத்தி, கண்ணை மூடி, காதருகே வைத்துக் கேட்டாள். வீணைக்குச் சுருதி சேர்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"சத்தம் வருது. அப்ப மோட்டார் நல்லா இருக்கு. மண்ணு கொட்டினப்புறமும் அதே இடத்துலதான் நிக்குது. மண்ணுதான் காரணம்னா நிக்கிற இடம் மாறியிருக்கணும். உள்ள பல்சக்கரத்துல ஒரு பல் போயிருக்கு."

"அப்ப?"

"லென்ஸை மொத்தமா மாத்தணும். இந்த மாடல் இப்ப வர்றதில்லை. எங்கயாவது கிடைக்குதான்னு பார்க்கணும்."

"நான் கழட்டிப் பார்க்கறேனே, குந்தவை. பல்லுதானே."

"நீங்க தொடாதீங்க."

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும்போது, "கேமராவ அலமாரியில, துணிக்கு மேல வச்சிருக்கேன். யாரும் தொட வேண்டாம்," என்றாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் போய்விட்டாள். மிச்சம் யார் என்று கணக்குப் போட எனக்கு நேரமாகவில்லை.

வண்டிச் சத்தம் முக்குத் திரும்பியதும் அலமாரியைத் திறந்தேன். கேமரா இருந்தது. எடுத்துப் பார்த்தால், துருத்திக்கொண்டிருந்த லென்ஸ் சமர்த்தாக உள்ளே போயிருந்தது. நான் தொட்டதுமே பாதி குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பட்டனை அழுத்தினேன். 'கர்ர்' கூட வரவில்லை. நோய் முற்றிவிட்டது, இனி தாமதித்தால் ஆபத்து என்று தோன்றியது.

கொல்லையில் எங்கள் மோட்டார் ரூம் இருக்கிறது. அங்கே கேமராவைக் கொண்டுபோனேன். எந்தத் திருகு எந்த இடத்தது என்று மறந்துவிடக் கூடாதே. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைக்க இட்லித் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். குழிக்கு ஒரு திருகு. இந்த யோசனைக்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

குழிகள் தீர்ந்துபோயின. திருகுகள் தீரவில்லை.

முன் மூடி வந்தது. பின் மூடி வந்தது. திரை ஒரு மெல்லிய பட்டையில் தொங்கியது. உள்ளே பச்சையாக ஒரு ஊரே இருந்தது. நான் பல்லைத் தேடினேன். ஒரு சின்ன ஸ்பிரிங் பாய்ந்து மோட்டாருக்குப் பின்னால் போனது. அதைத் தேடக் குனிந்தபோது முழங்கை பட்டு தட்டு சாய்ந்தது. எல்லாக் குழித் திருகும் ஒரே குழிக்கு வந்தன. மறை கழண்டது கேமராவுக்கா எனக்கா என்று அந்த நிமிஷத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் குந்தவை வந்தாள். முகம் கழுவினாள். அலமாரியைத் திறந்தாள்.

"கேமராவைக் காணோமே?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"எங்க?"

"தஞ்சாவூர்ல. ஒரு மெக்கானிக்கிட்ட."

"எப்ப தஞ்சாவூர் போனீங்க?"

"பஸ்ல."

"எதுலன்னு கேக்கல. எப்பன்னு கேட்டேன்."

"நீ போனதும் போனேன். நீ வர்றதுக்குள்ள வந்துட்டேன்."

"சட்டை கசங்கவே இல்லையே."

"கூட்டமில்லை."

"மெக்கானிக் பேரு?"

என்றைக்கோ பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு பெயர்ப் பலகை மனதில் வந்தது. "ஷேக் பரீத்," என்றேன். அது பஞ்சர் கடைப் பலகை என்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் துண்டைக் கொடியில் போட்டபடி, "நல்ல கையா?" என்று கேட்டாள்.

"பெரிய கை. வெளிநாட்டுக் கேமரா எல்லாம் அவர்கிட்டதான் வருது."

"அப்ப சரி. ஒண்ணு மட்டும் போன் பண்ணிச் சொல்லிடுங்க. ஃபிளாஷ் பக்கத்துல உருளையா ஒண்ணு இருக்கும். பேட்டரியைக் கழட்டினாலும் அதுல கரண்ட் நிக்கும். வெறும் கையால தொட்டா தூக்கி அடிச்சிரும்."

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அந்த உருளையை மதியம்தான் கட்டை விரலால் தடவி, இது என்னவாக இருக்கும் என்று யோசித்திருந்தேன்.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அவள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே பேசினேன். "ஷேக் பரீத் பாய், நான் தியாகேசன் பேசறேன். அந்த ஃபிளாஷ் பக்கத்துல உருளை இருக்கு பாருங்க..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காதோடு ஒட்டியிருந்த போன் மணியடித்தது.

குந்தவைதான். சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள்.

"மெக்கானிக்கிட்ட பேசிட்டிருக்கீங்களா?"

"ஆமா."

"அவரை லைன்லயே இருக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். லென்ஸ்ல இருந்து பட்டையா ரிப்பன் மாதிரி வயர் வரும். அதை இழுக்கக் கூடாது. அது சொருகியிருக்கிற இடத்துல சின்னதா ஒரு பூட்டு இருக்கும், நகத்தால மேல தூக்கினா ரிப்பன் தானா வரும். எழுதிக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"அப்புறம் அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க."

"அவரு தஞ்சாவூர்ல இருக்காரு, குந்தவை."

"ஆமால்ல," என்று வைத்துவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன இடத்தில் அந்தப் பூட்டு இருந்தது. மதியம் முழுவதும் நான் அந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டு, கத்தரிக்கோல் எடுக்கலாமா என்று யோசித்திருந்தேன். நகத்தால் தூக்கினேன். ரிப்பன் வெண்ணெயிலிருந்து முடி எடுக்கிற மாதிரி வந்தது. கேமராவைக் கண்ணால் பார்க்காமலே, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இவள் எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாள் என்று அசந்து போனேன்.

அதற்கப்புறம் எனக்கும் ஷேக் பரீத்துக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது. குந்தவை கேட்பாள், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் சொன்னதாகச் சொல்வேன். அவள் யோசித்து அடுத்ததைச் சொல்வாள். லென்ஸைப் பிடித்திருக்கும் திருகுகள் மூன்று மூலையில் மூன்று என்றாள். இரண்டுதான் தெரிகிறது என்கிறாராம் என்றேன். மூன்றாவது திரைக்கு அடியில் ஒளிந்திருக்கும், தகட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க என்றாள். இருந்தது.

இட்லி வார்க்கும்போது மட்டும் ஒரு கண்டம் வந்தது.

"ஒரு தட்டு குறையுதே."

"அப்படியா?"

"ஷேக் பரீத் இட்லி சாப்பிடுவாரா?"

"தெரியலையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு மாவைக் கரைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தீர்மானமாகச் சொன்னாள். "அவர் சரி பண்ண வேண்டாம். லென்ஸை மட்டும் முழுசா, விரல் படாம, கழட்டித் தரச் சொல்லுங்க. காலையில போய் வாங்கிட்டு வந்துடுங்க. மத்தது அங்கயே இருக்கட்டும்."

மத்தது அங்கேயே இருக்கட்டும் என்றதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மத்ததெல்லாம் ஒரே இட்லிக் குழியில் குவிந்து கிடந்தது.

காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, லென்ஸைக் கைக்குட்டையில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பட்டுக்கோட்டை போகிற பஸ்ஸும் தஞ்சாவூர் போகிற பஸ்ஸும் மாறி மாறி வந்து போயின. தஞ்சாவூர் போய்த் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியபோது, சட்டையை நானே கொஞ்சம் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பள்ளி விடுமுறை. குந்தவை வெள்ளைத் துணி விரித்து மேஜையில் தயாராக இருந்தாள். கையில் ரப்பர் உறை. லென்ஸைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பூ மாதிரி கழட்டியிருக்காரு," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

பிறகு அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். ஒரு கேமராவை எடுத்து வந்து துணியின் மேல் வைத்தாள். அதில் லென்ஸ் பாதியில் துருத்திக்கொண்டு, நாக்கை நீட்டியபடி இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இதுதான் எங்கள் கேமரா என்றால், மோட்டார் ரூமில் இட்லித் தட்டில் கிடப்பது யார்? கேட்க வாயெடுத்தேன். கேட்டால், மோட்டார் ரூமில் ஒன்று கிடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கேள்வியை அவ்வளவு நேரம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். கழற்றிய திருகுகளை ஒரு காகிதத்தில் கேமரா படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஒட்டும் நாடாவில் ஒட்டி வைத்தாள். குழியும் வேண்டாம், தட்டும் வேண்டாம். ஃபிளாஷ் உருளையின் பக்கம் விரல் போகவே இல்லை. பேட்டரியைக் கேமரா நின்ற அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாளாம். பழைய லென்ஸை எடுத்து ஓரத்தில் வைத்தாள். சொன்ன மாதிரியே உள்ளே ஒரு சக்கரத்தில் ஒரு பல் இல்லை. கண்ணை மூடிக் கேட்டுச் சொன்னது.

"இந்த ரிப்பனைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன்.

"இழுக்காதீங்க. பூட்டைத் தூக்கிட்டுச் சொருகணும்."

"தெரியும்," என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"நீதானே மெக்கானிக்கிட்ட சொல்லச் சொன்னே."

"ஆமா, ஆமா," என்றாள்.

மூடிகளை மாட்டினாள். பேட்டரியைப் போட்டாள். பட்டனை அழுத்தினாள். லென்ஸ் மூன்று அடுக்கும் நீண்டது. சத்தமே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை வரப்பில் இருவரும் உட்கார்ந்தோம். முதுகு அரித்தது. பொறுத்துக்கொண்டேன். கல்லணையிலிருந்து வரும் புது ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்தது. வைக்கோல் மெல்ல எழுந்தது. அதன் அடியிலிருந்து, பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்பா ஒரு சிறகை விரித்து நின்றார். அவை அதற்குள் நுழைந்துகொண்டன. குந்தவை மூச்சு விடாமல் எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

பாய் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேமராத் திரையை வெகு நேரம் பார்த்தார்.

"இது நம்ம வயலா?"

"உங்க வடக்கு மூலைதாண்ணே."

"நான் பார்த்த அதே இடமா?"

"நீங்க நின்ன இடத்துக்கு நேர் எதிர்ல."

"இப்படிச் சிறகுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தானா? நான் ரெண்டு தடவை வந்து வைக்கோல்னுட்டுப் போனேனே." திரையை மறுபடி கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "மூலையை மட்டுமில்ல டீச்சரம்மா, அந்தப் பக்கத்து வரப்போட ஒட்டினதையும் விட்டுடறேன். குஞ்சுங்க நடந்து வாய்க்காலுக்குப் போக வழி வேணும்ல."

மெஷின் வந்த அன்று பாயே முன்னால் நடந்து, கையைக் காட்டிக்காட்டி வண்டியை வளைத்துக் கூட்டிப் போனார். டிரைவர் அலுத்துக்கொண்டான். பாய் தன் போனில் ஏற்றி வைத்திருந்த படத்தைக் காட்டினார். அவனும் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வயல் முழுக்க மொட்டையாக, மூலையில் மட்டும் ஒரு குடுமி மாதிரி கோரையும் கொஞ்சம் நெல்லும் நின்றன.

அன்று சாயங்காலம் தஹ்மீனா ஒரு கிண்ணத்தில் சேமியா கொண்டு வந்தாள்.

"அண்ணே, எங்க கேமராவோட மிச்சத்தை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்தக் கேமரா?" என்றேன், எவ்வளவு இயல்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இயல்பாக.

"அவர் சவூதியிலேர்ந்து ஒரே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வந்தாருல்ல, அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என்னுது வேற சார்ஜர் போட்டுக் கருகிப்போய் வருஷக்கணக்கா கிடந்துச்சு. லென்ஸ் நல்லா இருக்கு, கழட்டிக்கவான்னு அக்கா கேட்டாங்க. எடுத்துக்கங்கன்னேன்." கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "நீங்களே கழட்டிக் குடுத்தீங்களாமே. எங்க வச்சிருக்கீங்க?"

மோட்டார் ரூமிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டு வந்து கொடுத்தேன். அவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தட்டைக் கழுவித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குந்தவை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஆக, அலமாரியில நீ வச்சது அவங்களோடது."

"ஆமா."

"நான் எடுப்பேன்னு தெரியும்."

"தொட வேண்டாம்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

"அந்த உருளையை நான் தொட்டேன், குந்தவை. அடிச்சிருந்தா?"

"வருஷக்கணக்கா செத்துக் கிடந்த கேமராங்க. அதுல ஏது கரண்ட்? நம்மளோடதை உங்க கண்ணுல படவிடாம பீரோவுல வச்சுப் பூட்டினதே அதுக்குத்தான்."

இதற்கு மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. என் கட்டை விரல் வரைக்கும் யோசித்திருக்கிறாள். ஆனாலும் ஒரு மனக்குறை பாக்கி இருந்தது.

"எல்லாம் சரி. 'ஏங்க, இந்த லென்ஸை இப்படி இப்படிக் கழட்டித் தாங்க'ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை நேரா சொல்லியிருந்தா, நான் கழட்டித் தந்திருக்க மாட்டேனா? இடையில எதுக்கு ஒரு மெக்கானிக்?"

குந்தவை சிவப்பு மை பேனாவை மூடி வைத்தாள்.

"மெக்கானிக்கை நான் கொண்டு வரலைங்க, நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. ஆனா அவர் வந்ததும் நல்லதாப் போச்சு. உங்ககிட்ட சொல்லியிருந்தா எதிர்த்துப் பேசியிருப்பீங்க, அவர் நான் சொன்னபடி கேட்டாரு."